மூன்றாம் ஓலைக்கு வருகிறேன் என்றான்

"உன்னை யாராவது கட்டாயப்படுத்துறாங்களாம்மா?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆவடியில் எங்கள் பங்குச் சாமியார் கேட்டது. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்பு பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தி, ஒரு படிவத்தைப் பார்த்தபடி கேட்டார். "இல்லை ஃபாதர்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இப்போது நசரத்பேட்டையில் இருக்கிறோம். ஒன்பதாவது மாடி. மகளுக்கு மூன்று வயது. கோயிலுக்குக் கிளம்பிக் கீழே வந்தபிறகு, கேஸ் வால்வை மூடினேனா என்று பார்க்க மறுபடி மேலே போய் வந்தேன். மூடித்தான் இருந்தது. எப்போதும் மூடித்தான் இருக்கும். அதனால் பூசைக்குப் பிந்திவிட்டோம், கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது.

பூசை முடிகிற நேரத்தில் அறிவிப்புகள். மறைக்கல்வி வகுப்பின் நேரம் மாறியிருக்கிறது, கோயிலைச் சுத்தம் செய்ய இந்த வாரம் இன்ன தெருவின் அன்பியக் குழு வர வேண்டும், அப்புறம் ஓலை. எங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமானால், தொடர்ந்து மூன்று ஞாயிறு பெண்ணின் பங்குக் கோயிலிலும் மாப்பிள்ளையின் பங்குக் கோயிலிலும் அதை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். இதற்குத்தான் ஓலை என்று பெயர். யாரும் எதையும் தெரிவித்து நான் பார்த்ததில்லை. அந்நேரம் பாதிப் பேர் செருப்பை எங்கே விட்டோம் என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நான் மகளின் வாயிலிருந்து செபமாலையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"முதல் ஓலை" என்று ஆரம்பித்து, அம்பத்தூரில் ஒரு பங்கைச் சொல்லி, "காலஞ்சென்ற" என்று ஒருவரின் பெயரை வாசித்தார்கள். அவன் அப்பாவின் பெயர். அடுத்தது அவன் பெயர். பெண் எங்கள் பங்குதான். பண்டிகை நாட்களில் பீடத்துக்குப் பூ வைக்கிற பெண். என் மகள் பூசையில் அழுதால் வெளியே தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டுவாள்.

அவன் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான் என்பது மனதில் ஏறக் கொஞ்ச நேரம் ஆனது. அவன் அப்பா இறந்துவிட்டார் என்பதுதான் முதலில் ஏறியது. யாரும் எனக்குச் சொல்லவில்லை. யார் சொல்வார்கள்?

"தெரிஞ்சவங்களா?" என்று கணவர் மெதுவாகக் கேட்டார். மகளின் கையை நான் இறுக்கிப் பிடித்திருக்கிறேன் போல, அவள் சிணுங்கினாள்.

"இல்லையே" என்றேன்.

காரில் திரும்பும்போது அவராகவே அந்தப் பேச்சை எடுத்தார். "நம்ம ஓலை வாசிச்சப்ப எனக்குக் கை காலெல்லாம் வேர்த்துடுச்சு தெரியுமா. யாராவது எழுந்து நின்னுடுவாங்களோன்னு."

"நின்னிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது, உக்காருங்க சார்னு சொல்லியிருப்பேன்."

நான் சிரித்தேன். அவர் எப்போதும் இப்படித்தான், ஒரு கேள்வியை அது கனப்பதற்குள் இறக்கி வைத்துவிடுவார். நல்ல மனிதர். இதைப் படிக்கிறவர்கள் அவரைப் பற்றித் தவறாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இப்போதே சொல்லிவிடுகிறேன். காலையில் தான் குளிக்காவிட்டாலும் எனக்காக கீசரைப் போட்டுவிட்டுப் போவார். மத்தியானம் ஒரு மணிக்கு, அடுத்த அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாலும், "சாப்டியா" என்று செய்தி அனுப்புவார்.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

படிப்பு முடிந்ததும் எனக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை கிடைத்தது. சின்னச் சின்னப் பட்டறைகளில் கடைந்து வரும் பாகங்களை அளந்து, சரியில்லாததில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போடுவது என் வேலை. பயிற்சிக்காலம். எதைத் தவறவிட்டுவிடுவேனோ என்று அப்போதும் எனக்குப் பயம்தான். ஒரு நாள் ஒரு பட்டறையிலிருந்து வந்த புஷ் என்கிற சின்ன உலோக வளையங்கள் மொத்தமும் அளவு கூடுதலாக இருந்தது. எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு போட்டுவிட்டேன். அவற்றைக் கடைந்தவனே மத்தியானம் வந்தான். டிவிஎஸ் வண்டி, ஐ.டி.ஐ. முடித்தவன், கையெல்லாம் கட்டிங் ஆயில் வாசனை.

"ஒரு பீஸ்ல தப்பு வரும் மேடம், ரெண்டு பீஸ்ல வரும். எல்லாத்துலயும் ஒரே அளவு தப்பு வந்தா அது எங்க தப்பு இல்ல. உங்க மைக்ரோமீட்டர கொஞ்சம் காட்டுங்க."

கொடுத்தேன். அந்த அளவுக் கருவியின் தாடையை மூடிப் பார்த்தான். பூஜ்யத்தில் நிற்கவில்லை.

"காலைலருந்து இன்னா அளந்துகினு கீறீங்க மேடம்?"

பில் தாளில் ஒரு துண்டு கிழித்து, தாடைகளுக்கு நடுவில் வைத்து இழுத்துத் துடைத்தான். மறுபடி மூடினான். பூஜ்யம் வந்தது. ஒரு தூசி. என் மேலதிகாரியிடம் அவன் போய்ச் சொல்லவில்லை. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தின்னரில் துணியை நனைத்து, நான் போட்ட சிவப்புக் கோடுகளை ஒவ்வொன்றாக அழித்தோம். சாயங்காலம் வரை ஆனது. ஆரம்பம் அதுதான்.

இரண்டு வருடம். அவனை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆவடி பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன், அவன் டிவிஎஸ்ஸில் பக்கத்திலேயே வந்து, சிக்னலில் நின்று, என்னைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டு ஏதாவது சொல்வான். அடுத்த சிக்னலில் பாதி வாக்கியத்தை முடிப்பான். சண்டையும் அதே அளவுக்கு. கேண்டீனில் ஒரு தோழி அவனைக் காட்டி யார் என்று கேட்டபோது "சப்ளையர்" என்றேன். அவன் காதில் விழுந்துவிட்டது. ஒன்பது நாள் பேசவில்லை. பத்தாவது நாள் போன் வந்தது. "சப்ளையர் பேசுறேன் மேடம். மனசுல ஏதாவது ரிஜெக்‌ஷன் கீதா?" நான் மொட்டை மாடியில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன். அப்படி ஒரு அழுகையும் சிரிப்பும் அதற்கப்புறம் எனக்கு வந்ததில்லை.

அம்மாவிடம் நானாகவே சொன்னேன். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், நாங்கள் குவார்ட்டர்ஸில் இருந்தோம், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். பெரிய ரகளை நடக்கும் என்று நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் தயாராகியிருந்தேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஏட்டி, நாங்க ஒண்ணும் தடுக்க மாட்டோம். உன்ன படிக்க வச்சாச்சு, உனக்கு யோசிக்கத் தெரியும். அந்த வீட்ல நீ எங்க குளிப்பன்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லு."

அவ்வளவுதான். அப்பா கடைசி வரை ஒரு வார்த்தை பேசவில்லை. சாமியார் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமல் போவதற்கு இதுதான் காரணம். அம்மாவின் அந்த ஒரு வாக்கியம் கட்டாயப்படுத்தியதில் சேருமா?

போய்ப் பார்த்தேன். எஸ்டேட்டுக்குப் பின்னால் வரிசை வீடு. எட்டுக் குடும்பம், கடைசியில் பொதுவாக இரண்டு கக்கூஸ். அவனுக்கு அம்மா இல்லை. அவன் அப்பா லோடு ஏற்றும் வேலை பார்த்தவர். எனக்காகச் சலவைச் சட்டை போட்டிருந்தார். "குந்து மா, ஃபேன் கீழ குந்து" என்று சொல்லிவிட்டு, அவர் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார். கலர் வாங்கி வைத்திருந்தார். அதை முழுசாகக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு முட்டியது. அவன் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டு, "போறியா? காட்டட்டுமா?" என்று கேட்டான். "வேணாம்" என்றேன். "சுத்தமா கீது" என்றான். "வேணாம், எனக்கு வரல" என்றேன்.

கிளம்பும்போது அந்தப் பக்கமாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. ஒரு கதவு திறந்திருந்தது. தரை ஈரமாக, பினாயில் வாசனையோடு இருந்தது. புது வாளி, அதில் ஒரு சிவப்பு மக்கு. மக்கில் விலைச்சீட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. காலையில் அவன்தான் கழுவியிருக்கிறான். எட்டு வீட்டுக்காரர்கள் பார்க்க, எனக்காக. நான் பார்த்ததை அவனும் பார்த்தான். ஆவடி வரை அடக்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டபோது உடம்புக்கு வந்த அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அம்மா எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஊர்ப்பக்கத்துக் குடும்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. "சும்மா பாரு" என்றார்கள், பார்த்தேன். பூந்தமல்லியில் ஒரு ஓட்டலில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்திருந்தோம். ஏசி நேராக என் தலையில் அடித்துக்கொண்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் எழுந்து, "நீங்க இங்க வாங்க, நான் அங்க உக்காந்துக்கறேன்" என்றார். அவர் இடத்துக்கு மாறி உட்கார்ந்தபோது, ரொம்ப நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த தோள் இரண்டும் கீழே இறங்கிய மாதிரி இருந்தது. அது பொய்யில்லை. பிடித்திருக்கிறதா என்று கேட்டார்கள், பிடித்திருக்கிறது என்றேன். எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. அவனையும் பிடித்திருந்தது. இரண்டும் ஒரே சொல்தானா என்று தெரியவில்லை.

விசாரணை முடிந்து சாமியார் அப்பாவை உள்ளே கூப்பிட்டார். மாப்பிள்ளையின் அண்ணன் குவைத்திலிருந்து விடுப்பில் வந்திருக்கிறார், மூன்றாவது ஞாயிறுக்கு முன்பே அவர் திரும்ப வேண்டும், அதனால் கல்யாணம் இரண்டாவது ஞாயிறை அடுத்து வரும் வியாழக்கிழமை. "அப்ப ரெண்டாம் ஓலையையும் மூணாம் ஓலையையும் ஒண்ணா சேர்த்து வாசிச்சிடலாம். அனுமதி வாங்கிக்கலாம்" என்றார் சாமியார். அப்பா தலையாட்டினார். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். தெளிவாகக் கேட்டேன்.

முதல் ஓலை வாசித்த மறுநாள், வேலையை விட்டுவிட்டுக் கணக்கை முடிக்க அம்பத்தூர் போனேன். அவன் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தான். கல்யாணம் நிச்சயமானது தெரிந்திருந்தது, நான்தான் போனில் சொல்லியிருந்தேன், தேதியை மட்டும் சொல்லவில்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் கத்துகிறவன் அன்றைக்குக் கத்தவில்லை.

"இன்னும் ரெண்டு ஓலை கீதுல்ல?"

நான் பஸ் வருகிறதா என்று பார்த்தேன்.

"நான் போன் பண்ண மாட்டேன். நீயும் பண்ணாத. நல்லா யோசி. மூணாவது ஓலை அன்னிக்கு ரெண்டாவது பூசைக்கு உங்க கோயிலுக்கு வரேன். மாதா கெபிகிட்ட நிப்பேன். வந்தன்னா போலாம். வரலன்னா நான் உன்ன ஒரு வார்த்த கேக்க மாட்டேன். சரியா மேடம்?"

"சரி" என்றேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்றாவது ஓலைக்கென்று தனியாக ஒரு ஞாயிறு கிடையாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சரி என்றேன். அவனுக்கு வராத ஒரு நாளைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் நாளைக்கு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு "இரண்டாம் மற்றும் மூன்றாம் ஓலை" என்று வாசித்தபோது அம்மா பக்கத்தில் என் முந்தானையைச் சரிசெய்தாள். வியாழக்கிழமை கல்யாணம் நடந்தது. ஞாயிறன்று நாங்கள் திருநெல்வேலியில் அவர் சித்தப்பா வீட்டில் விருந்தில் இருந்தோம். இரண்டாவது பூசை நேரம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. என் தட்டில் யாரோ இன்னொரு துண்டு கறி வைத்தார்கள்.

மீதியை, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது தெரிந்துகொண்டேன். மாதா சிலையைக் குகை போலக் கட்டி வைத்திருக்கும் அந்தக் கெபி வாசலில் மெழுகுவத்தி விற்கிற ஆயாவுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"இன்னா கண்ணு, ஒம்போது மாசமா? நல்லாரு. உன் கண்ணாலம் ஆன வாரம் ஒரு புள்ள வந்து இங்க நின்னுகினே இருந்திச்சு. இன்னா நைனா யாருக்கு நிக்கறன்னு கேட்டேன். உன் பேரச் சொல்லிச்சு. அட, அந்தப் பொண்ணுக்கு வியாழக்கெழமயே ஆயிடுச்சேன்னு சொன்னேன். அப்பயும் போவல. பூசை முடியறவரைக்கும் நின்னுட்டு, ஒரு பெரிய வத்தியா வாங்கி ஏத்திட்டுத்தான் போச்சு."

"ஏதாவது சொன்னானா?"

"'அவசரப்படுத்திட்டாங்க போல, இல்லன்னா அவ வந்திருப்பா'ன்னு சொல்லிச்சு. அழுவல கண்ணு. நல்ல புள்ள."

அவன் இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறானா என்று தெரியாது. ஒருவேளை என்னை மறந்தே போயிருக்கலாம். அதுதான் எல்லாருக்கும் நல்லது, அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அவன் அப்படி நம்புகிறான் என்று வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

இப்போது என் வீட்டில் மூன்று பாத்ரூம் இருக்கிறது. மகளைப் பாரிவாக்கத்தில் விளையாட்டுப் பள்ளியில் விட்டுவிட்டு வந்தபிறகு, கணவர் காதில் ஹெட்போனோடு மீட்டிங்கில் இருக்கும்போது, கடைசி அறையின் பாத்ரூமில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். அழுவதற்கு இல்லை. சும்மாதான். குடியிருப்பின் பெண்கள் குழுவில் ஒரு நாளைக்கு எண்பது செய்தி வரும், தண்ணீர் லாரி, வேலைக்காரம்மா, பிறந்தநாள் கேக். என்னிடம் பேச யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. இதைப் பேச யாரும் இல்லை. அம்மாவிடம் சொன்னால், "இப்ப உனக்கு என்ன குறை" என்பாள். ஒரு குறையும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று ஒரு முறை வரிசையில் நின்றேன். எந்தப் பாவம் என்று கேட்டால் என்ன சொல்வது? "சரி என்று சொன்னேன் ஃபாதர்" என்றா? என் முறை வருவதற்குள் மகள் பசி என்றாள், கிளம்பிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. கோயில் பலகையில் போய்ப் பார்த்தேன், இவர்களுக்கு மூன்றும் தனித்தனியாகத்தான் வாசிக்கிறார்கள். தடை ஏதும் இல்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் நல்ல பெண். சொல்ல நினைப்பது தடை அல்ல. "என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. அந்த ஞாயிறு வராது என்று தெரிந்துதான் தலையாட்டினேன். நீ கழுவி வைத்த இடத்தைப் பார்த்த பிறகு எனக்கு உன்னிடம் வரவும் தைரியம் இல்லை, வரவில்லை என்று சொல்லவும் தைரியம் இல்லை" என்று ஒரே ஒரு முறை அவனிடம் சொல்ல வேண்டும். பழைய எண் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்துவிட்டேன்.

சொன்னால், அவன் என்மேல் வைத்திருக்கும் நல்ல எண்ணம் போய்விடும். அது போனால்தான் அவன் முழுசாக அந்தப் பெண்ணிடம் போக முடியும் என்று காலையில் தோன்றுகிறது. கல்யாண வீட்டில் போய்ப் பழைய கதையைக் கொட்டி, என் பாரத்தை அவன் தலையில் இறக்கப் பார்க்கிறேன் என்று மத்தியானம் தோன்றுகிறது. என் கணவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று சாயங்காலம் தோன்றுகிறது. அவர் ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லி இறக்கி வைத்துவிடுவார் என்றும் பயமாக இருக்கிறது, சொல்லாமல் சும்மா இருந்துவிடுவார் என்றும் பயமாக இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல வராமல் போனவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் நான் கேட்கவில்லை. நீங்கள் சொல்லப்போவது எனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிறேன். எங்கேயாவது ஒரு நாள், யாருக்காகவாவது, வருவதாகச் சொன்ன நேரத்தில் போய் நின்றவர்கள் இருந்தால், நீங்கள் எழுதுங்கள். அவர் வராததற்கு வேறு யாரோதான் காரணம் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், இத்தனை வருடம் கழித்து, உங்கள் கல்யாணத்துக்கு முன்னால், அது அப்படி இல்லை என்று அவரே வந்து சொல்வதை விரும்புவீர்களா? மூன்றாவது ஓலைக்குள் தெரிந்தால் நல்லது.